உறை பிரிக்காத டிஸ்க்

மே 6, திங்கள்

நேற்று சாயங்காலம் உலகம்மாளை பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டேன். காலையில் ஓசூரில் வந்து இறங்கிவிட்டாள் என்று எங்கள் மகள் கோமதி போன் செய்தாள். அவளுக்கு இந்த வாரம் பிரசவம் ஆகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாராம். மாதக் கடைசியில் உலகம்மாள் திரும்பி வந்துவிடுவாள். ஜூன் மூன்றாம் தேதி அவளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதுவரை நான் மட்டும். நான்கு நாளைக்கு மாவு இருக்கிறது. நல்ல தண்ணீர் புதன்கிழமை வரும்.

பதினொரு மணிக்கு மாடத்தி வந்தாள். உலகம்மாள் டீச்சராக இருக்கும் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் முதல் வருஷங்களில் படித்த பேச்சியம்மாளின் தாய். பேச்சிக்கு ஜூன் பத்தாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை சாத்தூரில் அச்சாபீசில் வேலை பார்க்கிறார், அவருக்கும் காது கேட்காது. பத்திரிகை வைத்துவிட்டு எழுந்தவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து ஒன்று கேட்டாள். பேச்சிக்கு ஐந்து வயதில், தகப்பன் சுடலைமுத்து அவளை எதிரே உட்காரவைத்து அவள் பெயரைச் சொல்லிக் கொடுத்ததை டீச்சர் படம் பிடித்திருக்கிறாள். சுடலைமுத்து இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் படம் பிள்ளைக்கு வேண்டுமாம். பிள்ளை தானாக வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான் என்றாள்.

அதற்கென்ன, எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

உலகம்மாளுக்குப் போன் போட்டேன். பேச்சி கல்யாணம் என்றதும் அவள் குரலே மாறிவிட்டது. "2001ங்கிற போல்டர்ல முதல் ஆளா இருப்பா. டிஸ்க் எடக்கு பண்ணுனா காப்பில பாருங்க. அதுலயும் இருக்கும்லா?"

"இருக்கும்" என்றேன்.

அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினேன். பதினெட்டு வருஷத்துப் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். பள்ளியில் சேர்ந்த அன்று ஒரு படம், பிறகு வருஷம் ஒரு படம். கேசட்டில் எடுத்ததைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிட்டு அதே கேசட்டில் அடுத்த வருஷம் எடுப்பாள். அதனால் டிஸ்க்கைத் தவிர வேறு எங்கும் இல்லை.

போல்டர் திறக்கவில்லை. உள்ளே ஒரு சத்தம். நகத்தால் மேஜையைத் தட்டுவது போல டிக், டிக், கொஞ்சம் நின்று மறுபடி டிக். புதிய சத்தம்.

மே 7, செவ்வாய்

இரண்டு முறை கழற்றி மாட்டினேன். "இந்த டிஸ்க்கில் பிழைகள் உள்ளன, சரிசெய்யலாமா" என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்று அமுக்கினேன். காலை ஒன்பதுக்குத் தொடங்கியது, மூன்று மணிக்குப் பதினான்கு சதவீதத்தில் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. ஆறு மணி நேரமும் தட்டிக்கொண்டே இருந்தது.

நான் நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் மெயின்டெனன்ஸ் பார்த்தவன். எந்த பேரிங் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று நடந்துபோகிற போக்கில் காதால் கேட்டே சொல்வேன். ஷிப்ட் புத்தகத்தில் இயந்திரம், நேரம், பழுது, செய்த வேலை என்று எழுதிப் பழகிய கைதான் இந்த டைரியையும் எழுதுகிறது. ஆகவே எழுதிவைக்கிறேன்: ஆறு மணி நேரம் ஓட விட்டது தப்பு.

மே 8, புதன்

தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்தேன். டிஸ்க்கைத் தொடவில்லை.

மே 9, வியாழன்

பேத்தி பிறந்திருக்கிறாள். காலை 10.20. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தாயும் பிள்ளையும் நலம். உலகம்மாள் போனில் அழுதாள். பிறகு, பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டதைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

பேச்சி படம் எடுத்தாயிற்றா என்று கேட்டாள். இன்றைக்குப் பார்க்கிறேன் என்றேன்.

மே 10, வெள்ளி

ராயப்பனின் கடைக்குப் போனேன். மில்லில் எலெக்ட்ரானிக்ஸ் பகுதியில் இருந்தவன், என்னைவிட ஏழு வயது இளையவன். மில் மூடுவதற்கு முன்பே வெளியே வந்து மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துவிட்டான். டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டான். உடனே வயரை உருவிவிட்டான்.

"ஏதாச்சும் செஞ்சீங்களா அண்ணாச்சி? ரிப்பேர் கிப்பேர்னு ஏதும் ஓட்டுனீங்களா?"

ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

காப்பி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். அவனிடம் அது சுலபமாக வந்துவிட்டது.

மே 11, சனி

காப்பி விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

உலகம்மாள் இரண்டாவது டிஸ்க் வாங்கியது 2017 ஜூலையில். கம்ப்யூட்டர் சங்கதி எனக்குத் தெரியும் என்பதால் என்னிடம் கொடுத்து, எல்லாவற்றையும் இதில் ஒரு காப்பி போட்டுவிடுங்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் என்றேன். அந்த ஞாயிறு போடவில்லை, அடுத்ததும் போடவில்லை. ஒரு மாதம் கழித்து அவளுடைய தலைமையாசிரியை வீட்டுக்கு வந்திருந்தபோது, அவர் முன்னால் வைத்துக் கேட்டாள். "காப்பி போட்டாச்சுல்ல?" போட்டாச்சு என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் இரண்டு டிஸ்க்குக்கும் சந்தனம் வைப்பாள். சந்தனம் வைக்க ஒன்றை அவள் எடுக்க, மற்றதை நான் எடுத்துக் கொடுப்பேன். அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருப்பதை அவள் பார்க்காதபடி துணிப்பையில் போட்டு வைத்திருந்தேன்.

போட்டிருந்தால் ஒரு பகல் வேலை. அதுகூட உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, தானே ஓடும்.

மே 12, ஞாயிறு

ராயப்பன் வீட்டுக்கு வந்தான். யோசித்துப் பார்த்ததாகவும், இதை நாம் தொடக்கூடாது என்றும் சொன்னான். சென்னையில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். தூசி புகாத அறையில் வைத்துத் திறந்து, உள்ளே படிக்கிற முனையை மாற்றி, இருப்பதை எடுப்பார்கள். மூன்று வாரம், ஒரு மாதம்கூட ஆகலாம். நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றான்.

நான் வேண்டாம் என்றேன். பஸ்ஸில் குலுங்கும். முன்பின் தெரியாத ஆட்கள். பிள்ளைகளுடைய படங்களை வெளியாள் பார்ப்பது சரியில்லை. பேச்சி கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. இத்தனை காரணம் சொன்னேன். எல்லாமே நியாயமான காரணங்கள்.

"டீச்சர்ட்ட கேட்டுச் செய்யலாம்லா? அவுக பொருளுதான்."

குழந்தை பிறந்த வீட்டில் இதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம் என்றேன். அவன் நாளைக்கு மெஷினோடு வருகிறேன் என்று போய்விட்டான்.

உலகம்மாள் முப்பதாம் தேதி வருகிறாள்.

மே 13, திங்கள்

உறையை இன்றுதான் பிரித்தேன். ராயப்பன் இரண்டு டிஸ்க்கையும் அவன் கொண்டுவந்த லேப்டாப்பில் மாட்டினான். பெயர் பார்த்து ஒவ்வொரு படமாக எடுக்கும் வேலை இல்லை இது. டிஸ்க்கை ஆரம்பம் முதல் முடிவு வரை துண்டு துண்டாக அப்படியே புதியதில் இறக்குவது, படிக்க முடியாத துண்டை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவது. அந்த நகலிலிருந்து பிறகு படங்களைப் பிரித்தெடுக்க வேண்டும்.

"இது சாகக் கெடக்க ஆளு மாதிரி அண்ணாச்சி. கொஞ்சந்தான் பேசும். இதப் போட்டு அலைக்கழிச்சா ஒண்ணும் சொல்லாமப் போயிரும்."

பழுது முன்பகுதியில் இருக்கிறது. பழைய வருஷங்கள் எல்லாம் அங்கேதான். அதனால் நல்லதாக இருக்கிற பின்பகுதியை முதலில் எடுத்துவிட்டு, முன்பகுதிக்குக் கடைசியில் வரலாம் என்றான். ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு மணி நேரம் நிறுத்தி ஆற விட வேண்டும். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தோம்.

வேலைக்கு நடுவில் டிஸ்க்கில் ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். ஏழாம் தேதி ரிப்பேர் ஓட்டியதன் தடயம் அதில் இருந்திருக்கிறது. பார்த்தான், அவ்வளவுதான். திரும்பவும் திரையைப் பார்த்துக்கொண்டான். அவன் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மே 15, புதன்

பின்பகுதி நன்றாக வருகிறது. ராயப்பன் காலையில் வந்து தொடங்கிவிட்டுக் கடைக்குப் போகிறான். மணி பார்த்து நிறுத்துவதும் தொடங்குவதும் என் வேலை. தண்ணீர் இன்று வரவில்லை. ரசம் வைத்தேன், புளி தூக்கல்.

மே 17, வெள்ளி

பின்பகுதி முடிந்தது. ராயப்பன் பிரித்தெடுத்து, முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் படங்கள் முழுதாக வந்திருக்கின்றன என்றான். 2010க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பெரும்பாலும். மொத்தம் நூற்று முப்பத்தொன்று என்று உலகம்மாள் சொல்வாள். ஒன்றிரண்டு சரியாக ஓடுகிறதா என்று போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

போட்டுப் பார்த்தேன்.

இந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. அதை இங்கே எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

முதல் படத்தில் ஒரு பையன், நாலு வயது இருக்கும். உலகம்மாள் ஒரு மெல்லிய காகிதத் துண்டை அவன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு "ப" என்கிறாள். காகிதம் அசைகிறது. பையனும் செய்கிறான், அசையவில்லை. மறுபடி. மறுபடி. அவனுடைய கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொள்கிறாள். பதினோரு நிமிஷப் படம். ஒன்பதாவது நிமிஷத்தில் காகிதம் அசைகிறது. பையன் காகிதத்தைப் பார்க்கிறான், பிறகு அவளைப் பார்க்கிறான். அவள் கைதட்டவில்லை, சத்தம் போடவில்லை. மறுபடி காகிதத்தைப் பிடிக்கிறாள்.

நான் பார்த்த எட்டுப் படங்களில் இரண்டு நம் வீட்டு முன்னறையில் எடுத்தவை. சனி, ஞாயிறுகளில் பிள்ளைகள் வருவார்கள். அதில் ஒன்றில் நான் இருக்கிறேன். கையில் செய்தித்தாளோடு ஒரு பக்கத்திலிருந்து வந்து மறுபக்கம் போகிறேன். ஒரு பெண் குழந்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறேன். சாத்தும் சத்தம் பலமாகக் கேட்கிறது. உலகம்மாள் மட்டும் ஒரு நொடி நிமிர்கிறாள். குழந்தைக்கு அது கேட்கவில்லை.

மே 18, சனி

முன்பகுதி தொடங்கியாயிற்று. ஒரு மணி நேரத்தில் வந்தது நூறில் ஒரு பங்குகூட இல்லை. சத்தம் அதிகம்.

மே 20, திங்கள்

போனில் உலகம்மாள், பேத்தி கொட்டாவி விடுவதைப் பத்து நிமிஷம் சொன்னாள். பிறகு பேச்சி படத்தைப் பற்றிக் கேட்டாள். எடுத்துக்கொண்டிருக்கிறேன், பழைய படம் அல்லவா, கொஞ்சம் நேரம் எடுக்கிறது என்றேன். காப்பியிலிருந்து எடுத்தால் சீக்கிரம் வருமே என்றாள். அதிலிருந்துதான் எடுக்கிறேன் என்றேன்.

"நீங்க அன்னைக்கு அத போட்டு வச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றாள்.

மே 21, செவ்வாய்

ராயப்பன் கோயில்கொடைத் திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருக்கிறான். வரும்வரை மெஷினைத் தொட வேண்டாம், முன்பகுதி ஓட்டும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

காலை எட்டரைக்கு நான் தொடங்கினேன். ஒன்பதரைக்கு நிறுத்த வேண்டும். அப்போது கொஞ்சம் வேகமாக வந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாளில் இந்த வேகம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் என்று விட்டேன். பத்தரைக்குப் பெயர்ப்பட்டியல் இருக்கிற பகுதி வந்தது. 2001, 2002, 2003 என்று எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வரிசையாகத் தெரிந்தன. முதல் பெயர் பேச்சியம்மாள். பக்கத்தில் "அப்பாவுடன்" என்று உலகம்மாள் எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு நிறுத்த மனம் வரவில்லை.

பதினொன்று பத்துக்கு டிக் சத்தம் மாறியது. இரும்பில் இரும்பு உரசும் சத்தம். நான் எழுந்து வயரைப் பிடுங்குவதற்குள் முடிந்துவிட்டது. மறுபடி மாட்டினேன். சுழலக்கூட இல்லை. மில்லில் ஒரு மெஷின் நின்றால் அதைச் சுற்றி நாலு பேர் ஓடி வருவார்கள். இங்கே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை.

மே 23, வியாழன்

ராயப்பன் வந்து பார்த்தான். பெயர்கள் நூற்று முப்பத்தொன்றும் இருக்கின்றன. முன்பகுதிப் படங்கள் எதுவும் திறக்கவில்லை. பேச்சியின் படம் என்று பெயர் இருக்கிறது, தட்டினால் கறுப்பாக இருக்கிறது.

எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டான். இரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம் என்று உண்மையைச் சொன்னேன்.

"டீச்சர்ட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?"

நானே சொல்கிறேன் என்றேன்.

மே 26, ஞாயிறு

போனில் சொல்வதைவிட நேரில் சொல்வதுதான் முறை.

மே 30, வியாழன்

உலகம்மாள் வந்துவிட்டாள். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்தேன். பெட்டி நிறையக் குழந்தையின் பழைய துணி, துவைத்து இங்கே வைக்கக் கொண்டுவந்திருக்கிறாள். வழியெல்லாம் பேத்தி பேச்சுதான். களைத்திருக்கிறாள், இன்றைக்கு வேண்டாம்.

மே 31, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 1, சனி

காலையில் குளித்துவிட்டு வந்து, பேச்சி படத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்றாள். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். டிஸ்க் கெட்டுவிட்டது, முப்பத்தெட்டுப் பேர் கிடைத்தார்கள், பேச்சி கிடைக்கவில்லை.

"காப்பி?"

"போடல."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீபோர்டின் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"எப்ப இருந்து சத்தம் கேட்டுச்சு உங்களுக்கு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷம் என்னோடு இருந்தவளுக்கு என் காது தெரியும்.

பொங்கலுக்கு முன்னால் என்றேன். அவள் ஜனவரியில் ஏதோ படத்தைப் பார்க்க டிஸ்க்கைப் போட்டிருந்தபோது, நான் அடுத்த அறையில் இருந்தபடியே கேட்டேன். இது நாள் எண்ணுகிறது என்று அப்போதே தெரிந்தது. சொன்னால், அப்படியானால் காப்பியை எடுங்கள் என்பாள். அதனால் சொல்லவில்லை. ஆறாம் தேதி இந்த டைரியில் புதிய சத்தம் என்று எழுதியது பொய். என் சொந்த டைரியிலேயே எழுதியிருக்கிறேன்.

ராயப்பன் சென்னைக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னதையும், நான் வேண்டாம் என்றதையும் சொன்னேன். மிச்சத்தையும் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அரிசி களைகிற சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் ஏதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தோன்றியிருக்கும்.

ஜூன் 2, ஞாயிறு

ராயப்பன் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போயிருக்கிறான். உலகம்மாள்தான் போன் செய்து வரச் சொன்னாள்.

இன்று அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், ஏன் என்று. ஞாபகமில்லாமல் தள்ளிப்போட்டுவிட்டேன் என்றேன். சரி என்றாள்.

2017 ஜூன் முப்பதாம் தேதி மில்லில் எனக்கு வழியனுப்பு விழா. முப்பத்தொரு வருஷத்துக்கு மாலை போட்டார்கள். மேடையில் எனக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அன்று ஒரு பிள்ளைக்கு மதுரையில் காது பரிசோதனை, தாய்க்குப் போகத் தெரியாது என்று கூடப் போயிருந்தாள். பஸ் தாமதமாகிவிட்டது. அவள் வந்தபோது பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கேட் அருகே நின்று மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றேன். அடுத்த வாரம் டிஸ்க் வாங்கி வந்தாள்.

அதற்காகத்தான் போடாமல் விட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 6, வியாழன்

சென்னையிலிருந்து ராயப்பன் பேசினான். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். திறந்து பார்த்திருக்கிறார்கள். முனை இறங்கித் தட்டையே சுரண்டியிருக்கிறது, முன்பகுதி முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். எடுக்க ஒன்றுமில்லை. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்திருப்போம் என்றாராம் அங்கே திறந்து பார்த்தவர். இதை ராயப்பன் சொல்லாமல் விட்டிருக்கலாம். உலகம்மாள் கேட்டாள், அதனால் சொன்னான்.

சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுக்கிய பிறகு, இரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஒன்றில் முப்பத்தெட்டுப் பெயர். இன்னொன்றில் தொண்ணூற்று மூன்று. ஊர், தகப்பன் பெயர், தெரிந்தவரை போன் நம்பர். பெயர்ப்பட்டியலைப் பார்க்காமல் நினைவிலிருந்தே எழுதியிருக்கிறாள்.

"கெடச்சத நான் கொண்டுபோய்க் குடுக்கேன். போனத நீங்க போய்ச் சொல்லுங்க."

எல்லாருக்குமா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும். பேச்சி வீட்டுக்கு மொதல்ல போங்க. நான் வரமாட்டேன்."

ஜூன் 8, சனி

பேச்சியின் வீடு கடலையூர் ரோட்டில் ஒரு லைன் வீடு. வாசலில் இரண்டு வாழைக்கன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள், கட்டுவதற்கு. மாடத்தி என்னைக் கண்டதும் படம் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்து உள்ளே பார்த்துக் கை காட்டினாள். பேச்சி வந்தாள். கைகளில் மருதாணி, அதனால் விரல்களை விரித்து வைத்துக்கொண்டு எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். காதில் இயந்திரம் இருக்கிறது. ஆனாலும் அவள் கண் என் வாயில்தான் இருந்தது.

நான் பேச ஆரம்பித்தேன். சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். முழங்காலில் ஒரு கை பட்டது. மணிக்கட்டால் தட்டியிருக்கிறாள்.

"சார். கீழ பாக்காதீங்க. தெரியல."

அவள் பேச்சில் எழுத்துகள் கொஞ்சம் தேய்ந்து வருகின்றன. ஆனால் எல்லா எழுத்தும் வருகிறது. உலகம்மாள் கொண்டுவந்த எழுத்துகள்.

நிமிர்ந்தேன். டிஸ்க் கெட்டுப்போச்சு, படம் போச்சு என்றேன். அவளுக்குப் புரிந்தது. தாய்க்கும் புரிந்தது. மாடத்திதான் முதலில் பேசினாள். மெஷின்தானே சார், அது கெட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள், விடுங்கள் என்றாள். காபி போடுகிறேன் என்று எழுந்தாள். அதோடு எழுந்து வந்திருக்கலாம். பாதி எழுந்தும்விட்டேன்.

"மெஷின் இல்ல" என்றேன். "காப்பி எடுக்கச் சொன்னா டீச்சர். நான் எடுக்கல. எடுத்தேன்னு பொய் சொன்னேன்."

பேச்சி புருவத்தைச் சுருக்கினாள். "திரும்ப."

'பொய்' என்ற சொல் பிடிபடவில்லை போல. என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை. உதட்டைத் திறந்து, மெதுவாக, அவள் கண்ணுக்கு நேராக. "பொய். பொய் சொன்னேன்."

தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. எழுந்து உள்ளே போய், மருதாணி படாமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கியபடி ஒரு சட்டம் போட்ட போட்டோவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். சுடலைமுத்து. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, ஸ்டூடியோவில் எல்லாரும் நிற்பதுபோல விறைப்பாக நிற்கிறார்.

"போட்டோல அப்பா வாய் மூடியிருக்கு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் தன் முகத்தைக் காட்டினாள்.

"அப்பா 'பேச்சி' சொல்வாங்க. எல்லாரும் சொல்ற மாதிரி இல்ல. 'ச்சி' வரும்போது இங்க போகும்." இடது பக்க உதட்டோரத்தை மேலே இழுத்துக் காட்டினாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். தலையை அசைத்து, வலது பக்கம் மாற்றிப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். மாடத்தி அடுப்பங்கரை வாசலில் டம்ளரோடு நின்றாள், அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

"மறந்துட்டு வருது" என்றாள் பேச்சி. "அதான் கேட்டேன்."

காபியைக் குடித்துவிட்டு வந்தேன். குடிக்காமல் வந்தால் அவர்கள் வருத்தப்படுவார்கள்.

உலகம்மாள் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். விலகிப் போகவில்லை, சாயவும் இல்லை.

ஜூன் 10, திங்கள்

கல்யாணத்துக்கு இருவரும் போனோம். உலகம்மாளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பழைய மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவளைச் சுற்றிக் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூன் 15, சனி

கழுகுமலை. பட்டியலில் இரண்டாவது பெயர், வெயிலாச்சி. பதினொரு மணி பஸ்ஸில் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். எல்லாரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள், ஆறு மணிக்குத்தான் வருவார்கள், ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார்கள்.

இல்லை, இருக்கிறேன் என்றேன். எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஆறே காலுக்கு வந்தார்கள்.